அந்த வீட்டு வாசலில் ஏன் நின்றீர்கள்?

இரண்டு இதழ்களுக்கு முன்னால் இந்தப் பகுதியில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, இரண்டாம் உலகப்போர்க் காலத்து யூதர்களின் கதையைத் தெருத்தெருவாக நடத்திக் காட்டும் ஒரு நடையில் கலந்துகொண்டதைப் பற்றி. முப்பத்தோரு வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியிருக்கிறேன். ஒரே பாடத்துக்கு இத்தனை கேள்விகள் வகுப்பில்கூட வந்ததில்லை. அதனால் இந்த முறை பகுதி முழுக்க அந்தக் கடிதங்களுக்குத்தான்.

அடுத்த மாதம் அண்ணனைப் பார்க்க புடாபெஸ்ட் போகிறேன். இதற்கென்று ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். காசு கொடுத்து வழிகாட்டியோடுதான் போக வேண்டுமா? போனில் மேப் வைத்துக்கொண்டு நானே நடந்தால் போதாதா டீச்சர்? — கல்லூரி மாணவி, மதுரை

வழிகாட்டியோடு போ அம்மா. ஆனால் எந்த வழிகாட்டி என்று விசாரித்துவிட்டுப் போ.

நான் இரண்டு முறை நடந்தேன். முதல் முறை முப்பது பேர் கூட்டம். குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓர் இளைஞர் முன்னால் ஓட, நாங்கள் பின்னால் ஓடினோம். டோஹான் தெருவில் யூதர்களின் பெரிய ஜெப ஆலயம், ஒரு பேக்கரி, ஒரு சுவர் ஓவியம், மறுபடி ஒரு ஜெப ஆலயம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. முடிந்த இடம் ஒரு மதுக்கூடம். ஏழாவது வட்டாரத்தில் பாழடைந்து கிடந்த பழைய வீடுகளின் முற்றங்களை மதுக்கூடங்களாக்கியிருக்கிறார்கள். நகரத்தின் இரவு வாழ்க்கையே இப்போது அங்கேதான். நடையில் வந்தவர்களுக்கு ஒரு பானம் இலவசம் என்றார். “இந்தத் தெருவில் எந்தெந்த வீடு, யூதர்களை அடைத்துவைத்த கெட்டோவுக்குள் இருந்தது?” என்று கேட்டேன். “எல்லாமேதான்” என்று கையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். நான் உள்ளே போகவில்லை. டிராம் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாவது முறை எட்டே பேர். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள், கையில் பிளாஸ்டிக் உறை போட்ட பழைய புகைப்படங்கள் அடங்கிய ஃபைல். மூன்றரை மணி நேரத்தில் நாங்கள் கடந்த தூரம் மிஞ்சிப்போனால் மூன்று கிலோமீட்டர் இருக்கும். மீதி நேரமெல்லாம் நின்றோம். பல இடங்களில், வெளியே பார்த்தால் எதுவுமே இல்லாத சாதாரண வீடுகளின் முன்னால். ஃபைலைத் திறந்து படத்தைக் காட்டி, “இந்த பால்கனியைப் பாருங்கள், இப்போது மேலே பாருங்கள்” என்பார். அதே கம்பி, அதே வளைவு. மேப் உனக்கு இடத்தைக் காட்டும். அந்த இடத்தில் நிற்க வைக்க ஓர் ஆள் வேண்டும்.

பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேள். எத்தனை பேர் வருவார்கள்? எத்தனை மணி நேரம்? எங்கே முடியும்? இந்த மூன்றுக்கும் வரும் பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

கட்டுரையில் திரும்பத் திரும்ப “ஒரு வீட்டு வாசலில் நின்றோம்” என்று எழுதியிருந்தீர்கள். குடியிருப்பு வீடுகளில் பார்க்க என்ன இருக்கிறது? நினைவகம், அருங்காட்சியகம் எல்லாம் இல்லையா? — ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், கும்பகோணம்

இருக்கின்றன ஐயா. பாவா தெருவில் பெரிய நினைவு மையமே இருக்கிறது, 2004-இல் திறந்தது. போகலாம், போக வேண்டும். ஆனால் அந்த நகரத்தில் நடந்ததன் முக்கால் பங்கு வீடுகளுக்குள் நடந்தது. அதனால்தான் வாசலில் நின்றோம்.

முதலில் அந்த வீடு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். தெருவைப் பார்த்து நான்கைந்து மாடி, ஒரே ஒரு பெரிய மரக்கதவு. உள்ளே நுழைந்தால் நடுவில் முற்றம். ஒவ்வொரு மாடியிலும் முற்றத்தைச் சுற்றி இரும்புக் கிராதி போட்ட தாழ்வாரம். எல்லாக் குடித்தனங்களின் கதவும் அந்தத் தாழ்வாரத்தில்தான் திறக்கும். நம் ஊர் ‘ஸ்டோர்’ வீடுகளை ஐந்து மாடிக்கு அடுக்கினால் எப்படியோ அப்படி. யார் வீட்டுக்கு யார் வந்தார், யார் வீட்டில் என்ன சமையல், யார் அழுதார் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் அங்கே எதுவும் நடக்க முடியாது.

1944 மார்ச் 19 அன்று ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் வந்தது. ஏப்ரல் 5 முதல் யூதர்கள் உடையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும். ஜூன் மாதம் புடாபெஸ்ட் மாநகராட்சி ஓர் ஆணை போட்டது. நகரத்தில் கிட்டத்தட்ட 2000 வீடுகளைக் குறித்து, யூதர்கள் எல்லோரும் அந்த வீடுகளுக்குள் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று. குடும்பத்துக்கு ஓர் அறை. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், ஏறக்குறைய ஒரு வார அவகாசத்தில், தள்ளுவண்டியிலும் குழந்தை வண்டியிலும் சாமான்களை ஏற்றிக்கொண்டு வீடு மாறினார்கள். அந்த வீடுகளின் வாசலில் கறுப்புப் பலகையில் மஞ்சள் நட்சத்திரம். ‘மஞ்சள் நட்சத்திர வீடு’ என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். ஒரே வீட்டில் யூதர் அல்லாத பழைய குடித்தனங்களும் இருந்தன. அவர்களில் பலர் காலி செய்ய மறுத்து, நட்சத்திரப் பலகைக்குக் கீழேயே குடியிருந்தார்கள்.

இப்போது வீட்டு மேஸ்திரிக்கு வருகிறேன். ‘ஹாஸ்மெஷ்டர்’ என்பார்கள். தரைத்தளத்தில் குடியிருப்பார். மாடிப்படி பெருக்குவது, குப்பை அகற்றுவது, ராத்திரி கதவு பூட்டிய பிறகு வருகிறவர்களுக்குச் சில்லறை வாங்கிக்கொண்டு திறந்துவிடுவது அவர் வேலை. வாடகைக்கு இருப்பவர்களின் பெயர்ப்பட்டியலும் சாவியும் அவரிடம். 1944-இல் அந்தச் சில்லறைக்காரர் கையில் உயிர் இருந்தது. சிலர் காட்டிக்கொடுத்தார்கள், காலியான வீட்டின் கம்பளத்தையும் பியானோவையும் தம் வீட்டுக்கு இழுத்துக்கொண்டார்கள். சிலர் நிலக்கரி வைக்கும் நிலவறையில் குழந்தைகளை ஒளித்து, சோதனைக்கு வந்தவர்களிடம் “கீழே யாரும் இல்லை” என்று முகம் மாறாமல் சொன்னார்கள். ஒரே தெருவில், அடுத்தடுத்த இரண்டு வாசல்களில், இரண்டு விதமும் நடந்திருக்கிறது. இதை எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுவது? வாசலில் நின்றால்தான் புரிகிறது, கதவுக்கும் தாழ்வாரத்துக்கும் பத்து அடி தூரம்தான் என்பது.

எங்கள் வழிகாட்டி ஒரு வீட்டில் அழைப்புமணியை அழுத்தினார். மேல்மாடிக் குடித்தனக்காரருக்கு அவரைத் தெரியுமாம். கதவு திறந்தது. முற்றத்தில் ஒரு சைக்கிள், காய்கிற துணி, ஜன்னலோரம் ஜெரேனியம் பூ. யாரோ வெங்காயம் வதக்குகிற வாசனை. அங்கே நின்றபடி அந்த முற்றத்தில் எத்தனை பேரை வரிசையாக நிறுத்தினார்கள் என்று அவர் சொன்னார். நாங்கள் யாரும் போட்டோ எடுக்கவில்லை.

தமிழ்ப் பத்திரிகைகளில் ‘கெட்டோ’ என்பதைச் ‘சேரி’ என்று எழுதுகிறார்கள். நீங்கள் கெட்டோ என்றே எழுதியிருந்தீர்கள். தமிழ்ச்சொல் இருக்கும்போது எதற்கு இந்தச் சொல்? — தமிழாசிரியர், கரூர்

உங்களிடம் நான் தமிழ் பேசுவது அதிகப்பிரசங்கம்தான். ஆனாலும் என் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சங்கப் பாட்டில் சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் பகுதி, அவ்வளவுதான். பின்னால் ‘ஊரும் சேரியும்’ என்று பிரித்து, அதன்மேல் சாதியின் கனம் முழுவதையும் ஏற்றிவிட்டோம். அது நம் வரலாறு. அதற்குரிய கோபத்தோடு தனியாகப் பேச வேண்டியது. அதை எடுத்து இதன்மேல் போர்த்தினால் இரண்டும் மங்கிப்போகும்.

சேரி தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம். அங்கே கோயில் உண்டு, கல்யாணம் உண்டு, பறை உண்டு. புடாபெஸ்ட் கெட்டோ 1944 நவம்பர் 29 அன்று வந்த ஓர் ஆணையில் பிறந்தது. டிசம்பர் 10-ஆம் தேதி அடைத்துப் பூட்டினார்கள். பலகை வேலியும் ஏற்கெனவே இருந்த கொல்லைச் சுவர்களும் எல்லை. கால் சதுர கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய 70,000 பேர். 1945 ஜனவரி 18 அன்று சோவியத் படை அந்தப் பகுதியை மீட்டது. பூட்டியதிலிருந்து ஆறு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஆறு வாரத்தில் பசியாலும் குளிராலும் குண்டாலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். கல்லறைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் க்ளவுஸால் சதுக்கத்தில் உடல்களை அடுக்கினார்கள். இன்று அது குழந்தைகள் ஊஞ்சலாடும் பூங்கா. பக்கத்திலேயே காய்கறி மார்க்கெட்.

டோஹான் தெரு ஜெப ஆலயத்தின் தோட்டத்தில் மட்டும் 2000-க்கும் மேற்பட்டவர்களைப் புதைத்திருக்கிறார்கள். தொழும் இடத்தை ஒட்டிக் கல்லறை இருப்பது யூதர் வழக்கமே இல்லை. வேறு போக்கு இல்லாமல் வந்த கல்லறை அது. இந்த வகையான இடத்துக்குத் தமிழில் சொல் இல்லை. வெனிஸில் 1516-இல் யூதர்களை ஒரு தீவில் அடைத்தபோது வந்த பெயர் உலகம் முழுக்க அப்படியே நிற்கிறது. தமிழிலும் நிற்கட்டும்.

எல்லாம் ஹிட்லர் செய்த கொடுமை என்றுதான் படித்திருக்கிறோம். நீங்கள் ஹங்கேரிக்காரர்களையும் குற்றம் சொல்வதுபோல எழுதியிருந்தீர்களே? அந்த நாடும் ஆக்கிரமிக்கப்பட்ட நாடுதானே? — வங்கி ஊழியர், திருநெல்வேலி

ஆக்கிரமிக்கப்பட்ட நாடுதான். அதற்கு முன்னால் ஜெர்மனியின் கூட்டாளி நாடும்கூட. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்வது எவ்வளவு வசதியானது என்பதை அந்த நகரத்தின் நடுவிலேயே பார்த்தேன்.

ஸபத்ஷாக் சதுக்கத்தில் ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. தேவதூதர் கபிரியேல் கையில் உருண்டையோடு நிற்கிறார், அவர் ஹங்கேரி. மேலேயிருந்து ஒரு கழுகு பாய்கிறது, அது ஜெர்மனி. 2014 ஜூலையில் ஓர் இரவில், போலீஸ் காவலோடு, இதை நிறுவினார்கள். முறையான திறப்பு விழாகூட நடக்கவில்லை. ஏன் போலீஸ்? ஏனென்றால் அதற்கு எதிரே, சில அடி தூரத்தில், மாதக்கணக்காக மக்கள் வந்து தங்கள் வீட்டுப் பொருள்களை வைத்துக்கொண்டிருந்தார்கள். தாத்தாவின் புகைப்படம், ஒரு மூக்குக்கண்ணாடி, தோல் பெட்டி, கூழாங்கல், கையால் எழுதிய காகிதம். “என் அம்மாவை ரயிலில் ஏற்றியது கழுகு இல்லை” என்கிற ஒரே செய்திதான் அத்தனையிலும். மழையில் மை கரைந்த காகிதங்களை யாரோ வந்து மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எங்கள் வழிகாட்டி அந்த இடத்தில் தேவதூதர் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினார்.

அவர் சொன்னதை வரிசைப்படுத்துகிறேன். பல்கலைக்கழகங்களில் யூத மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் சட்டம் ஹங்கேரியில் 1920-இலேயே வந்துவிட்டது. அப்போது ஹிட்லரை யாருக்குத் தெரியும்? 1938, 1939, 1941 என்று மூன்று யூத எதிர்ப்புச் சட்டங்கள். வேலை, தொழில், கடைசியில் திருமணம் வரை. 1941 கோடையில் ‘குடியுரிமை இல்லாதவர்கள்’ என்று சொல்லி ஆயிரக்கணக்கான யூதர்களை எல்லைக்கு அப்பால் தள்ளினார்கள். புடாபெஸ்ட்டில் அவர்களைச் சேர்த்து வைத்த இடம் ரும்பாஹ் தெரு ஜெப ஆலயம். அந்த ஆகஸ்ட் கடைசியில் காமெனெட்ஸ்-பொடோல்ஸ்க் என்ற இடத்தில் 23,600 பேரை ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். அதில் பெரும்பகுதி ஹங்கேரி தள்ளிவிட்டவர்கள். அந்த ஆலயத்தைப் புதுப்பித்து 2021-இல் திறந்திருக்கிறார்கள். உள்ளே சுவரெல்லாம் நீலமும் சிவப்பும் பொன்னுமாக அவ்வளவு அழகு. அந்த அழகுக்கு நடுவில் இதைக் கேட்பது கஷ்டமாக இருந்தது.

பிறகு 1944. மே 15 முதல் ஜூலை 9 வரை எட்டே வாரத்தில், சுமார் 4,37,000 பேரை ரயிலில் ஏற்றினார்கள், ஏறக்குறைய எல்லோரையும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு. இந்த வேலைக்கு நாஜி அதிகாரி அடால்ஃப் ஐக்மேன் கூட்டிவந்த ஆட்கள் ஒரு சில நூறு பேருக்கு மேல் இல்லை. கிராமம் கிராமமாகப் போய்ப் பட்டியல் எடுத்து, வீட்டிலிருந்து இழுத்து, நகையைப் பிடுங்கி, ரயில் பெட்டியில் எண்ணி ஏற்றியது சேவல் இறகுத் தொப்பி போட்ட ஹங்கேரியக் கிராமப்புறப் போலீஸ் படை. உள்துறை அமைச்சகத்தில் அதை நடத்தியவர்கள் லாஸ்லோ எந்த்ரே, லாஸ்லோ பாக்கி. இருவரையும் 1946-இல் தூக்கிலிட்டார்கள்.

ஜூலை 7 அன்று ஆட்சித் தலைவர் மிக்லோஷ் ஹோர்த்தி ரயில்களை நிறுத்தச் சொன்னார். போப், அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், ஸ்வீடன் மன்னர் எல்லோரும் நெருக்கினார்கள்; நேச நாடுகள் நார்மண்டியில் இறங்கியிருந்தன. அவர் நிறுத்தினார், நின்றது. தலைநகரத்து யூதர்கள் அந்த ஆணையால்தான் அன்று தப்பினார்கள். ஆனால் நிறுத்த முடிந்த ஒருவர், எட்டு வாரம் ஏன் நிறுத்தவில்லை? வழிகாட்டி இதைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லவில்லை. நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள் ஐயா.

வாலன்பெர்க் என்ற ஸ்வீடன்காரர் ஒரு லட்சம் யூதர்களைக் காப்பாற்றினார் என்று படித்தேன். உண்மையா? அவருடைய வீட்டைப் பார்த்தீர்களா? — செவிலியர், நாகர்கோவில்

ராவுல் வாலன்பெர்க் மாபெரும் மனிதர், அதில் சந்தேகமே வேண்டாம் அம்மா. 1944 ஜூலை 9 அன்று புடாபெஸ்ட் வந்தார், வயது 31. நீலமும் மஞ்சளுமாக, மூன்று கிரீடம் பொறித்த பாதுகாப்புச் சீட்டு ஒன்றை அடித்துக் கொடுத்தார். சட்டப்படி அது வெறும் காகிதம். அதைக் காட்டி ஆட்களை ரயிலடியிலிருந்து திருப்பிக் கூட்டிவந்தார். 1945 ஜனவரி 17 அன்று சோவியத் படையினர் அழைத்துப் போனார்கள். திரும்பி வரவே இல்லை.

ஆனால் ஒரு லட்சத்தையும் ஒருவர் கணக்கில் எழுதுவது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம். போர் முடிந்தபோது புடாபெஸ்ட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்கள் உயிரோடு இருந்தார்கள். அதற்குப் பல கைகள். நடையில் நாங்கள் அதிக நேரம் நின்றது வதாஸ் தெரு 29-ஆம் எண்ணில். ‘கண்ணாடி வீடு’ என்று பெயர். கண்ணாடி வியாபாரி ஆர்தர் வைஸ் தன் சரக்கைக் காட்டுவதற்காகவே விதவிதமான கண்ணாடி பதித்துக் கட்டிய கட்டடம். ஸ்விட்சர்லாந்து துணைத் தூதர் கார்ல் லுட்ஸ் அதைத் தன் அலுவலகத்தின் கிளையாக்கினார்.

லுட்ஸ் செய்ததைக் கேட்டால் கணக்கு வாத்தியார்களுக்குப் பிடிக்கும். பாலஸ்தீனத்துக்குப் போக 8000 பேருக்கு அனுமதி வாங்கினார். வாங்கியபின், 8000 என்பது ஆட்கள் இல்லை, குடும்பங்கள் என்றார். ஒன்று முதல் எட்டாயிரம் வரை எண் போட்டுக் கடிதம் கொடுத்தார். தீர்ந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். எட்டாயிரத்தைத் தாண்டிய எண் எந்தக் கடிதத்திலும் இருக்காது. யார் சோதித்தாலும் கணக்கு சரி. ஊருக்குத் திரும்பியதும், அதிகார வரம்பை மீறினார் என்று சொந்த அரசாங்கமே அவரைக் கடிந்துகொண்டது. இதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

அந்தக் கண்ணாடி வீட்டுக்குள் சுமார் 3000 பேர் ஒண்டியிருந்தார்கள். படிக்கட்டில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். அங்கேதான் யூத இளைஞர் இயக்கத்துப் பையன்களும் பெண்களும் கள்ளச் சீட்டு அடித்தார்கள், ஆயிரக்கணக்கில். ஹங்கேரிய நாஜிகளான அம்புக்குறிக் கட்சிக்காரர்களின் சீருடையையே போட்டுக்கொண்டு போய் ஆட்களை விடுவித்துக் கூட்டிவந்தவர்களும் அவர்களில் உண்டு. இருபது வயதுப் பிள்ளைகள். இவர்களை யாரும் கேட்பதே இல்லை. ‘காப்பாற்றியவர்’ என்றால் வெளிநாட்டுத் தூதர் என்றே மனசு போகிறது. யூதர்கள் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ள என்ன செய்தார்கள் என்பதை எங்கள் வழிகாட்டி ஒவ்வொரு நிறுத்தத்திலும் சொன்னார். 1944-இன் கடைசி நாளில் அம்புக்குறிக் கட்சிக்காரர்கள் அந்த வீட்டைத் தாக்கினார்கள். மறுநாள், புத்தாண்டு அன்று, ஆர்தர் வைஸை வெளியே வரவழைத்துக் கொண்டுபோனார்கள். அதோடு அவர் முடிந்தார்.

இன்னொருவர் ஜியோர்ஜியோ பெர்லாஸ்கா. இத்தாலிக்காரர், இறைச்சி கொள்முதல் வியாபாரத்துக்காக வந்தவர். ஸ்பெயின் தூதர் நகரத்தை விட்டுப் போனதும், “தூதர் விடுப்பில் போயிருக்கிறார், அதுவரை நான்தான் பொறுப்பு” என்று தானாகவே சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தாலிக்காரர் போலி ஸ்பானியத் தூதராக 5000-க்கும் மேற்பட்டவர்களைக் காத்தார். ஊருக்குப் போய் நாற்பது வருடம் யாரிடமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. காப்பாற்றப்பட்ட பெண்கள் சிலர் தேடிப் பிடித்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

நீங்கள் நாகர்கோவில் என்பதால் இதையும் சொல்ல ஆசை: ஷாரா ஷல்கஹாஸி என்ற கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி. தங்கள் விடுதியில் யூதப் பெண்களை ஒளித்து வைத்ததற்காக 1944 டிசம்பர் 27 அன்று அவர்களோடு சேர்த்து டான்யூப் ஆற்றங்கரையில் சுட்டார்கள். 2006-இல் அருளாளராக, அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியில், அறிவித்தார்கள்.

டான்யூப் கரையில் இரும்புச் செருப்புகள் என்று ஒரு படம் அடிக்கடி பார்க்கிறேன். அது என்ன? — இல்லத்தரசி, சேலம்

செருப்பு இல்லை அம்மா, ஷூ. ஆண்கள், பெண்கள், குழந்தைகளுடையது. 60 ஜோடி, இரும்பில் வார்த்தவை. கேன் டோகாய் என்பவரின் யோசனை. செய்தவர் சிற்பி ஜூலா பவுயர். 2005-இல் வைத்தார்கள்.

1944 அக்டோபர் 15 அன்று ஹங்கேரிய நாஜிகளான அம்புக்குறிக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்களுடைய ஆயுதக் கும்பல்கள் ராத்திரியில் ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய் ஆற்றங்கரையில் வரிசையாக நிறுத்தி ஆற்றுக்குள் விழும்படி சுட்டன. ஷூவை முதலில் கழற்றச் சொல்வார்கள். போர்க்காலத்தில் தோல் ஷூவுக்கு விலை இருந்தது. ஆளுக்கு இல்லை. தப்பியவர்களின் சாட்சியத்தில் இப்படியும் இருக்கிறது: இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக் கட்டி, ஒருவரை மட்டும் சுடுவார்கள், அவருடைய பாரம் மற்றவர்களை இழுத்துக்கொண்டு போகும். தோட்டா மிச்சம்.

நாங்கள் போனபோது சாயங்காலம். பாராளுமன்றத்திலிருந்து தெற்கே கொஞ்சம் நடந்தால் போதும். ஒரு சின்ன ஷூவுக்குள் யாரோ மிட்டாய் வைத்திருந்தார்கள். குதிகால் ஷூ ஒன்று ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தது, போட்டவர் நடை எப்படியென்று தெரிகிற மாதிரி. அதையும் சிற்பி வார்த்திருக்கிறார். அங்கே இரண்டு பேர் தங்கள் காலை இரும்பு ஷூவுக்குள் நுழைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வழிகாட்டி அருகில் போய் மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். உடனே காலை எடுத்துவிட்டார்கள். அதில் ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். தெரியாமல் செய்கிறார்கள். யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஒன்பது வயது மகளை இந்த நடைக்கு அழைத்துப் போகலாமா? — கோவை வாசகி

முழு நடைக்கு வேண்டாம். எட்டாம் வகுப்பு வரட்டும். என் பேரனுக்கும் அப்போது ஒன்பதுதான். அவனை வேறொரு நாள் இரண்டு இடங்களுக்கு மட்டும் கூட்டிப்போனேன். பெரிய ஜெப ஆலயத்தின் பின்புறம் உலோகத்தால் செய்த அழும் வில்லோ மரம் ஒன்று இருக்கிறது, இம்ரே வர்கா செய்தது. ஒவ்வோர் இலையிலும் இறந்த ஒருவர் பெயர். காற்றடித்தால் இலைகள் மெல்லச் சலசலக்கும். அவன் பத்துப் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தான். பிறகு டோப் தெருவில் கார்ல் லுட்ஸ் நினைவுச்சிலை; சுவரின் உயரத்திலிருந்து பொன்னிற உருவம் ஒன்று கீழே விழுந்து கிடப்பவருக்கு நீளத் துணியை இறக்குகிறது. “பிடிச்சிட்டாரா பாட்டி?” என்றான். நிறைய பேர் பிடித்தார்கள் என்றேன். அவ்வளவு போதும் அந்த வயதுக்கு.

என்ன உடுத்த வேண்டும், எந்தக் கிழமை போக வேண்டும்? — திருச்சி வாசகர்

சனிக்கிழமை ஜெப ஆலயங்களில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். யூதப் பண்டிகை நாட்களிலும் அப்படியே. தோள் மூடிய உடை வேண்டும். ஆண்களுக்குத் தலைக்குக் குல்லா வாசலிலேயே தருவார்கள். கல் பாவிய தெருக்கள், அதனால் பழகின ஷூ. குளிர்காலத்தில் போனால் கூடுதலாக ஒரு ஜோடி காலுறை.

அந்த வழிகாட்டி அம்மாளுக்கு இவ்வளவும் எப்படித் தெரியும்? அவர் யூதரா? நீங்கள் கேட்டீர்களா? — பழைய மாணவி, சென்னை

கேட்கவில்லை. கேட்கும் கேள்வி அல்ல அது என்று தோன்றியது. கடைசியில் அவரே சொன்னார்.

கிராய் தெரு 15-ஆம் எண் வீட்டின் கொல்லையில் கெட்டோ சுவரின் ஒரு துண்டு இருக்கிறது. உண்மையான சுவரைக் கட்டட வேலைக்காக 2006-இல் இடித்துவிட்டார்கள். 2010-இல் அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள். வாசல் கம்பிக்கதவு வழியாக எட்டிப் பார்த்தால் முற்றத்தின் கடைசியில் தெரியும், மேலே முள்கம்பியோடு. நாங்கள் ஒவ்வொருவராக முகத்தைக் கம்பியில் ஒட்டிப் பார்த்தோம். எல்லோரும் பார்த்து முடித்ததும் அவர் ஃபைலிலிருந்து கடைசிப் படத்தை எடுத்தார். ஆறு வயதுப் பெண் குழந்தை, தலையில் பெரிய ரிப்பன். “என் அம்மா” என்றார். கெட்டோவுக்குள், இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் மூன்றாவது மாடியில், ஒரே அறையில் பதினாறு பேரோடு இருந்தாராம். சாகும்வரை அம்மா அந்தத் தெரு வழியாக நடந்ததே இல்லை; மார்க்கெட்டுக்குப் போனாலும் சுற்றிக்கொண்டுதான் போவாராம். “அவள் நடக்காத தெருவில் நான் வாரம் மூன்று முறை நடக்கிறேன்” என்றார்.

பிறகு கைப்பையைத் திறந்து ஆளுக்கொரு கூழாங்கல் கொடுத்தார். யூதர்கள் கல்லறையில் பூ வைக்க மாட்டார்கள், கல்தான் வைப்பார்கள். நடைபாதையில் பத்து சென்டிமீட்டர் பித்தளைக் கல் ஒன்று பதித்திருந்தது. அந்த வீட்டில் குடியிருந்த ஒருவரின் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த இடம். நாங்கள் எட்டுப் பேரும் குனிந்து அதைச் சுற்றிக் கற்களை வைத்தோம். அந்த வீட்டிலிருந்து பால் கேனோடு வெளியே வந்த ஒரு கிழவர் எங்களைப் பார்த்துவிட்டு, மிதித்துவிடாமல் ஓரமாக விலகி நடந்து போனார்.